மண்வெட்டியை எடுக்கும் முன்: வளர்த்த இகுவானா திடீரென்று இறந்துபோனால்

காலை ஆறரை மணிக்குக் கூண்டுத் துணியை விலக்கினால், மேல் கிளையில் இருக்க வேண்டியது கீழே கிடக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் கையிலிருந்து செம்பருத்திப் பூவைப் பிடுங்கித் தின்றது. மூன்று வயது, பெண், பச்சை இகுவானா (ஓணான் மாதிரியான பெரிய ஊர்வன), மூக்கிலிருந்து வால் நுனி வரை நாலடி. ஏழரைக்குள் கொல்லையில் புதைத்தாயிற்று. மிச்சம் கிடந்த கீரையும் எச்சமும் குப்பைக்குப் போயின. பத்து மணிக்குள் கூண்டைப் பினாயில் ஊற்றிக் கழுவியும் ஆயிற்று. பதினோரு மணிக்கு டாக்டரிடம் பேசியபோது அவர் மூன்று விஷயம்தான் கேட்டார்: உடம்பு எங்கே, கடைசியாகப் போன எச்சம் எங்கே, காலையில் பார்த்தபோது கூண்டுக்குள் எத்தனை டிகிரி? மூன்றுக்கும் பதில் இல்லை. ஏன் செத்தது என்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியில்லாமல் செய்தது அந்த மூன்றரை மணி நேரம், அதுவும் அழுதுகொண்டே பொறுப்பாகச் செய்த வேலைகள். அடுத்த இரண்டு வாரத்தில் புது விளக்கு, புது தெர்மோஸ்டாட், புதுக் கிளைகள் என்று பதினோராயிரம் ரூபாய்க்கு வாங்கியதெல்லாம், எது பழுது என்று தெரியாததால் எல்லாவற்றையும் மாற்றிய செலவு. சொந்தக் கதை இவ்வளவு போதும். அன்றைக்குக் காலையில் யாராவது பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டியது கீழே இருக்கிறது.

முதலில், செத்துவிட்டதா என்பதையே உறுதி செய்துகொள்ளுங்கள். கேட்கக் கொடூரமாக இருக்கும், ஆனால் ஊர்வனவற்றில் இந்தத் தவறு நடக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் குளிர் 5 டிகிரி பக்கம் இறங்கும் இரவுகளில் இகுவானாக்கள் விறைத்து மரத்திலிருந்து பொத்துப் பொத்தென்று விழும். 2020 ஜனவரியில் மயாமி வானிலை அலுவலகம், விழுவதெல்லாம் செத்தவை அல்ல என்று மக்களுக்கு அறிவிப்பே வெளியிட்டது. வெயில் ஏறினால் எழுந்து ஓடிவிடும். சென்னையில் அந்தக் குளிர் கிடையாது. ஆனால் ஊட்டி, கொடைக்கானல் மாதிரி இடங்களில், இரவு ஹீட்டர் நின்றுபோன கூண்டில், பலவீனமான பிராணி கல் மாதிரி கிடக்கலாம். கண் ஓரத்தை ஈரப் பஞ்சால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், இமை அசைகிறதா என்று. தாடையை மெதுவாகத் திறந்தால் கொஞ்சமாவது எதிர்த்து இறுக்குகிறதா? மல்லாத்தி வைத்தால் புரண்டு நிமிர முயல்கிறதா? பின்காலின் நடு விரலை அழுத்தினால் காலை இழுக்கிறதா? நாய் பூனைக்குப் பார்ப்பது போல நெஞ்சின் நடுவில் காதை வைத்தால் ஒன்றும் கேட்காது. இகுவானாவின் இதயம் முன்னங்கால்கள் சேரும் தோள் எலும்புக் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. டாக்டர், ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியை அக்குள் பக்கம் வைத்துத்தான் கேட்பார். இன்னொரு குழப்பமும் உண்டு: மூளை நின்ற பிறகும் ஊர்வனவற்றின் இதயம் வெகுநேரம் துடித்துக்கொண்டிருக்கக்கூடும். இரண்டு பக்கமும் ஏமாற்றும் உடம்பு அது. சந்தேகம் இருந்தால் 28 டிகிரி போல இளஞ்சூடான இடத்தில் இரண்டு மணி நேரம் வைத்துப் பாருங்கள், டாக்டரிடம் கொண்டுபோங்கள். வெந்நீரில் முக்குவது, நேரே விளக்குக்கு அடியில் வைப்பது இரண்டும் வேண்டாம். எது எப்படியோ, உறுதியாகாத ஒன்றை ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

உறுதியானதும் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை இருக்கிறது. வேறு எதையும் தொடுவதற்கு முன் போனை எடுத்துப் படம் பிடியுங்கள். உடம்பு கிடக்கும் நிலை, தலை எந்தப் பக்கம், மேலே கிளை எந்த உயரத்தில், விளக்கு எரிகிறதா, தண்ணீர்க் கிண்ணம், கீரைத் தட்டு, எச்சம். தெர்மாமீட்டர் காட்டும் அளவையும் படமாக எடுங்கள், விளக்கு நேரே விழும் கிளையையும் குளிர்ந்த மூலையையும் தனித்தனியாக. அதற்குப் பிறகுதான் விளக்கை அணைக்க வேண்டும். அணைக்கவும் மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் உடம்பு 36 டிகிரியில் வெந்துகொண்டே இருக்கும். இகுவானா இலைதழையைப் பெருங்குடலில் நொதிக்க வைத்துச் செரிக்கும் பிராணி. செத்த பிறகும் அந்த நொதிப்பு நிற்காது. சூட்டில் மூன்று நான்கு மணி நேரம் கிடந்தாலே வயிறு உப்பி, ஈரலும் சிறுநீரகமும் குழைந்துவிடும். அப்புறம் நுண்நோக்கியில் பார்க்கிறவருக்கு நோயா அழுகலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கையுறை போட்டு, உடம்பை ஒரு ஈரத் துணியில் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். பையின் மேல் தேதியும் நேரமும் எழுதி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். 4 டிகிரி போதும். வீட்டில் சமையல் ஃப்ரிட்ஜில் வைக்க ஒப்பவில்லையென்றால் (ஒப்புவார்கள் என்று எதிர்பார்க்கவும் கூடாது) மீன்கடையில் கிடைக்கும் தெர்மோகோல் பெட்டி வாங்கி, அடியில் ஐஸ், அதன் மேல் நாலு மடிப்பு செய்தித்தாள், அதன் மேல் பை என்று அடுக்கினால் ஒரு நாள் தாங்கும். ஐஸ் நேராக உடம்பில் படக் கூடாது.

ஃப்ரீசர் ஏன் கூடாது என்று எல்லோரும் கேட்பார்கள். உறைந்தால் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பனித்துகள் வளர்ந்து அதன் சவ்வைக் கிழித்துவிடும், திசுப் பரிசோதனைக்கு அது பாழ். 24 மணி நேரத்துக்குள் பரிசோதனை நடக்குமானால் நல்லது, இரண்டு நாள் வரை ஃப்ரிட்ஜில் பாதுகாக்கலாம். அதற்குள் யாரும் கிடைக்கவே மாட்டார்கள் என்று தெரிந்தால் மட்டும் ஃப்ரீசர். அப்போதும் எக்ஸ்ரே எடுக்கலாம், விஷம் இருக்கிறதா, கிருமியின் மரபணு இருக்கிறதா என்று பார்க்கலாம். புதைப்பதை விட அது எவ்வளவோ மேல். எச்சம் கிடைத்தால் சின்ன டப்பாவில் தனியாக அதே ஃப்ரிட்ஜில். தட்டில் மிச்சமிருந்த கீரையில் ஒரு பிடியையும் தனிப் பையில் கட்டி வையுங்கள், அதை மட்டும் ஃப்ரீசரில் போடலாம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். செத்த உடம்பைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். மூக்கிலும் வாயிலும் ரத்தம் கலந்த நீர் வடியும். யாரோ விஷம் வைத்தார்கள் என்று தோன்றும். வயிற்றுத் தோல் கறுக்கும், சில இடத்தில் பச்சை படரும். பெரிய அடி பட்டிருக்கிறது என்று தோன்றும். மலவாய் வழியாகச் சதை வெளியே தள்ளியிருக்கும். கண் உள்ளே போயிருக்கும். இவையெல்லாம் பெரும்பாலும் செத்த பிறகு, ரத்தம் கீழ்ப்பக்கம் தேங்குவதாலும் வயிற்றில் வாயு நிறைவதாலும் வருபவை. பக்கத்து வீட்டுக்காரர் மேல், வேலைக்கு வரும் அம்மா மேல், வீட்டுக் குழந்தை மேல் பழி விழுவது இந்தக் குறிகளை வைத்துத்தான். மூக்கு நுனியில் உப்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருப்பதும் நோயல்ல. இகுவானா தன் உடம்பில் மிஞ்சிய உப்பைத் தும்மியே வெளியேற்றும், உயிரோடு இருக்கும்போதும் அப்படித்தான்.

பிரேதப் பரிசோதனைக்கு யாரிடம் போவது? சென்னையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, வெளியூரென்றால் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகள். நோய்க்குறியியல் துறை என்று கேட்டு, முதலில் போன் செய்து, ஊர்வன எடுத்துக்கொள்வார்களா, எத்தனை மணிக்குள் கொண்டுவர வேண்டும் என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாட்ச்மேனிடம் பேசுவதில் பயனில்லை. கல்லூரி எட்டாத தூரமென்றால், உள்ளூரில் நாய் மாடு பார்க்கும் டாக்டரே உடம்பைத் திறந்து, ஈரல், சிறுநீரகம், இதயம், நுரையீரல், குடல் ஒவ்வொன்றிலும் அரை சென்டிமீட்டர் கனத்தில் ஒரு துண்டு எடுத்து 10 சதவீத ஃபார்மலினில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். துண்டு ஒரு பங்கு என்றால் ஃபார்மலின் பத்துப் பங்கு. கனமாக வெட்டிப் போட்டால் நடுவில் மருந்து ஏறாமல் அழுகும். இகுவானாவின் சிறுநீரகம் இடுப்பெலும்புக்குள் ஒளிந்திருக்கும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். பாலூட்டிகளையே திறந்து பழகிய கை அதை விட்டுவிட வாய்ப்புண்டு, இந்த இனத்தில் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். கையில் பணம் குறைவென்றால், உடம்பைத் திறக்கும் முன் ஒரு எக்ஸ்ரே மட்டுமாவது எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே தங்கிய முட்டை, விழுங்கிய உலோகம், சிறுநீர்ப்பைக் கல், முறிந்த எலும்பு, கால்சியம் இல்லாமல் நிழல் மாதிரி வெளுத்த எலும்பு, இத்தனையையும் அந்த ஒரு படம் காட்டும்.

முழுப் பரிசோதனை செய்தும் காரணம் அகப்படாமல் போவது உண்டு, அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ரத்தத்தில் கால்சியம் சடாரென்று சரிந்து வலிப்பு வந்து நின்ற இதயம், மின்சாரம் தாக்கியது, தாளம் தப்பிய இதயம், சில மணி நேரச் சூடு, இவை உறுப்பில் அழுத்தமான தடயம் வைக்காமல் போகலாம். அப்படி ‘காரணம் தெரியவில்லை’ என்று வரும் அறிக்கையும் வெறும் காகிதம் அல்ல. தொற்று இல்லை, முட்டை அடைப்பு இல்லை, சிறுநீரகம் சரியாக இருந்தது என்று அது மூன்று கதவை மூடுகிறது. வீட்டில் இரண்டாவது பிராணி இருந்தால் இந்த மூடிய கதவுகளுக்காகவே அந்தச் செலவு தகும்.

உடம்போடு ஒரு தாளும் போக வேண்டும். அன்றைக்கே எழுதுங்கள், மறுநாள் நினைவு தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்லும். வயது, பாலினம், கடைசியாகப் பார்த்த எடை, எங்கிருந்து எப்போது வந்தது. விளக்குக்கு அடியில், குளிர்ந்த மூலையில், இரவில் எத்தனை டிகிரி. யூவிபி விளக்கு (வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரைத் தருவது, கால்சியம் உடம்பில் சேர அது வேண்டும்) எந்த வகை, எத்தனை அங்குல உயரத்தில், எந்த மாதம் மாட்டியது. கடைசி முப்பது நாள் என்னென்ன தின்றது, கால்சியம் பவுடர் எத்தனை நாளுக்கு ஒரு முறை. கடைசி எச்சம் எப்போது, கடைசியாகத் தோல் உரித்தது எப்போது. வீட்டில் பெயின்ட் அடித்தார்களா, பூச்சி மருந்து அடித்தார்களா, தெருவில் கொசுப் புகை போட்டார்களா, கொசு லிக்விட் எந்த அறையில் எரிகிறது, சாம்பிராணி எங்கே போடுவார்கள், பீரோவில் அந்துருண்டை இருக்கிறதா. ‘சின்ன விஷயம்தானே’ என்று விட்டதெல்லாம் இந்தத் தாளில் வர வேண்டும்.

இனி, இகுவானாவில் ‘திடீர்’ என்று சொல்லப்படும் சாவுக்குப் பின்னால் எவை நிற்கின்றன என்று பார்க்கலாம். உண்மையிலேயே ஒரு நாளில் கொல்பவை சிலதான். சூடு அதில் முதல். கண்ணாடித் தொட்டியை வெயில் காட்டுகிறேன் என்று பால்கனியில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் போன் பேசப் போனால் போதும். உள்ளே சூடு 45ஐத் தாண்டும், ஒதுங்க நிழல் இருக்காது, இகுவானாவுக்கு வியர்வையும் கிடையாது. கண்ணாடி யூவிபி கதிரைத் தடுத்துவிடுவதால் அந்த வெயிலால் பயனும் இல்லை. வெயில் காட்டுவதானால் கம்பிக் கூண்டு, காலை ஒன்பதுக்குள், பாதி இடத்தில் நிழல், பக்கத்தில் ஆள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு ஹீட்டர் அணையாமலே இரவு முழுக்க எரிவதும் இதே வகை. செத்த நாளன்று அதே விளக்கை அதே இடத்தில் மறுபடி போட்டு மூன்று மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள், இது கூண்டைக் கழுவும் முன் செய்ய வேண்டிய சோதனை. கிளையின் மேற்பரப்பு 35 முதல் 38, கூண்டுக் காற்று 26 முதல் 31, இரவில் 23க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒட்டும் வட்ட முள் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள், நாலைந்து டிகிரி பொய் சொல்லும். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஆயிரம் ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது. பதினோராயிரத்தில் முதலில் வாங்கியிருக்க வேண்டியது அதுதான்.

மின்சாரமும் அப்படியே. கிளையில் ஏறும்போது நகம் வயரைக் கிழிக்கும், ஹோல்டருக்குள் தண்ணீர் தெளிப்பு இறங்கும். கூண்டுக்குப் போகும் லைனில் கசிவு மின்சாரம் கண்டால் அணைக்கும் பிரேக்கர் இல்லாமல் தினமும் தண்ணீர் தெளிக்கும் வீடுகள் நிறைய இருக்கின்றன. உடம்பை எடுக்கக் கையை உள்ளே விடும் முன் மெயின் ஸ்விட்சை அணையுங்கள். இது அதற்கு அல்ல, உங்களுக்கு.

மற்றவை பல வாரம், பல மாதம் மெதுவாக வேலை செய்துவிட்டு ஒரே இரவில் முடிப்பவை. கால்சியக் குறைவு அதில் தலையானது. நம் வீடுகளில் நடப்பது இதுதான்: கீரைக்காரம்மாவிடம் வாங்கும் பாலக், அரைக்கீரை, சிறுகீரையையே தினமும் போடுவோம். பச்சையாக இருக்கிறதே என்று திருப்தி. அந்தக் கீரைகளில் இருக்கும் ஆக்சலேட், கால்சியத்தைக் கட்டிப்போட்டு உடம்பில் சேரவிடாமல் வெளியே அனுப்பிவிடும். எப்போதாவது ஒரு நாள் போட்டால் குற்றமில்லை, தினசரிச் சாப்பாடாக அது கூடாது. முருங்கை இலை, செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, இவற்றை மாற்றி மாற்றி அடிப்படையாக வைத்து, மேலே பாஸ்பரஸ் சேராத கால்சியம் பவுடரை ஒரு சிட்டிகை தூவ வேண்டும். அதோடு யூவிபி விளக்கு. அந்த விளக்கு கண்ணுக்கு வெளிச்சமாக எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் கதிர் 6 முதல் 12 மாதத்தில் ஓய்ந்துவிடும். மாட்டிய தேதியை மார்க்கரால் விளக்கின் முனையிலேயே எழுதாவிட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. குறைவு முற்றும்போது கை விரல் நுனிகள் துடிக்கும், கீழ்த்தாடை ரப்பர் மாதிரி மெத்தென்று ஆகும், தொடை பருத்துப் பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். அந்தப் பருத்த தொடையைப் பார்த்து ‘நல்லா தேறிடுச்சு’ என்று சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அது எலும்பு வலுவிழந்து நார் கட்டிய வீக்கம்.

பெண் இகுவானா என்றால் முட்டை. ஆணே இல்லாத வீட்டில் முட்டை எப்படி வரும் என்று கேட்காதீர்கள், கோழி போடுவது போலத்தான். இரண்டு மூன்று வயதில் ஆரம்பிக்கும், ஒரே தடவையில் 20 முதல் 70 முட்டை வரை. தோண்ட ஈர மண் இல்லை, கால்சியம் இல்லை என்றால் முட்டை உள்ளேயே தங்கும். சாப்பிடாமல், கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டு, வயிறு மேடுபள்ளமாகத் தெரியும் பெண் இகுவானாவை ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருப்பது ஆபத்து. முட்டை முதிரும் காலத்தில் பசி குறைவது இயல்புதான், ஆனால் துறுதுறுவென்று இருக்க வேண்டும். சோர்ந்து கண்ணை மூடிப் படுத்துவிட்டால் அன்றே டாக்டர்.

வளர்ந்த இகுவானாக்களை அதிகம் கொண்டுபோவது சிறுநீரகம். காய்ந்த கூண்டு, தண்ணீர் போதாமை, ‘சத்துக்கு’ என்று கொடுத்த முட்டையும் நாய் பிஸ்கட்டும். இது முழுக்க இலை தின்னும் பிராணி, மிருகப் புரதம் அதற்குச் சத்து அல்ல, சுமை. காற்றின் ஈரம் 65 முதல் 75 சதவீதம் வேண்டும். சென்னையில் வெளியே அந்த ஈரம் இருக்கும், ஆனால் ஏசி ஓடும் அறைக்குள் 40க்கு இறங்கிவிடும் என்பதை மறந்துவிடுவோம். வீங்கிய சிறுநீரகம் இடுப்பெலும்புக்குள் குடலை நெரித்து மலச்சிக்கலாக வெளிப்படும். ரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸ் அளவு கால்சியத்தைத் தாண்டியிருந்தால் நிலைமை மோசம் என்று பொருள். நாலு வயதுக்கு மேல் வருஷத்துக்கு ஒரு முறை அந்த ஒரு ரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. எல்லாம் போன பிறகு இதை எழுதுவது சுலபம், தெரியும்.

ஊர்வன நோயை ஒளிக்கும். காட்டில் சோர்ந்து தெரிந்தால் பருந்து தூக்கிவிடும், அந்தப் பழக்கம் கூண்டிலும் போகாது. அதனால் கண்ணை நம்பாமல் தராசை நம்புங்கள். சமையலறை டிஜிட்டல் தராசின் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து, சுழியாக்கி, வாரம் ஒரு நாள் காலையில் சாப்பாட்டுக்கு முன் எடை போட்டுக் காலண்டர் தாளில் எழுதுங்கள். 1,140, 1,120, 1,095, 1,060. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒன்றுமில்லை, இருபது கிராம் எச்சத்திலேயே போகும். வரிசையாகப் பார்த்தால் மூன்று வாரத்தில் 80 கிராம். 10 சதவீதத்தைத் தொடும்வரை காத்திருக்க வேண்டாம், மூன்று எடை தொடர்ந்து இறங்கினாலே காரணம் தேடலாம். எச்சத்தில் வெள்ளையாக வரும் பகுதி மஞ்சளானாலும், சுண்ணாம்புக் கட்டி மாதிரி கெட்டியானாலும் அதையும் அதே தாளில் குறியுங்கள்.

பரிசோதனை முடிவு வரும்வரை கூண்டைக் கழுவாதீர்கள், மூடி வையுங்கள். பிறகு கழுவும்போது முதலில் சோப்புத் தண்ணீர், அழுக்கு போன பிறகுதான் ப்ளீச்: ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஊறல், நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தல். அழுக்கின் மேல் நேராக ஊற்றினால் ப்ளீச் செத்துவிடும். பினாயிலோடு கலக்கவே கூடாது. ப்ளீச்சுக்குச் சாகாத ஒட்டுண்ணிகளும் உண்டு, அறிக்கையில் அப்படி ஏதாவது வந்தால் மரக் கிளைகளை எரித்துவிடுவதே வழி. நல்லபடி தெரிந்த இகுவானாவின் வயிற்றிலும் சால்மோனெல்லா இருக்கும் என்பதால் இந்த வேலை சமையலறைத் தொட்டியில் நடக்கக் கூடாது, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் பக்கத்தில் இருக்கவும் கூடாது. புதைப்பது எல்லாம் முடிந்த பிறகுதான். மூன்றடி ஆழம், பிளாஸ்டிக் பை இல்லாமல், மேலே கல். ஆழம் குறைந்தால் தெருநாய் தோண்டும், அதைப் பார்க்க நேர்வது இரண்டாவது சாவு.

மனசைப் பற்றி. நாய் செத்தால் தெருவே துக்கம் கேட்கும். இகுவானா செத்தால் ‘ஒரு ஓணானுக்கா இப்படி?’ என்று சொந்த வீட்டிலேயே கேட்பார்கள். பாட்டி காஞ்சிபுரம் வரதராஜர் கோயில் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வா, தோஷம் விலகும் என்பார். அதில் கிண்டல் இல்லை, அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது, போய்விட்டு வருவதில் நஷ்டமும் இல்லை. ஆனால் யாரிடமும் சொல்ல முடியாத துக்கம் குற்ற உணர்ச்சியாகத் திரும்பும். ராத்திரி இரண்டு மணிக்கு ‘அந்த ஏசியா? அந்தக் கீரையா? நேற்று கையில் எடுக்காமல் விட்டோமே’ என்று சுழலும். அந்தக் கேள்விகளை மனதில் வைத்துச் சுழற்றாமல் மேலே சொன்ன தாளில் எழுதிவிடுங்கள். தாளில் இருக்கும் கேள்வியை அளக்கலாம், டாக்டரிடம் கேட்கலாம். அளந்து பார்த்துச் சரியென்று தெரிந்ததை அடித்துவிடலாம். உங்கள் தவறு ஒன்று உண்மையிலேயே அகப்படலாம், அதுவும் நடக்கும். அந்தத் தவறைத் தெரியாமல் செய்தது வேறு, தெரிந்த பிறகும் அப்படியே விடுவது வேறு. குழந்தைகளிடம் ‘தூங்கிடுச்சு’ என்று சொல்லாதீர்கள், அன்றிரவு அவர்கள் தூங்கப் பயப்படுவார்கள். செத்துவிட்டது, ஏன் என்று டாக்டர் பார்க்கிறார் என்றே சொல்லலாம். இன்னொரு சின்ன வேலை: விளக்கு டைமரைக் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலை ஏழு மணிக்குக் காலிக் கூண்டில் வெளிச்சம் வந்து நிற்கும்.

காகித வேலையும் பாக்கி இருக்கிறது. பச்சை இகுவானா, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு நான்காம் பட்டியலில் வரும் பிராணி. 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாகத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்து வைத்திருப்பீர்கள், அங்கே சாவையும் தெரிவிக்க வேண்டும். பரிசோதனை அறிக்கையின் நகல், முதல் நாள் எடுத்த படங்கள் இரண்டையும் அதோடு சேர்த்து வையுங்கள். பதிவில் உயிரோடு இருப்பதாகக் காட்டும் பிராணியை நேரில் காட்ட முடியாத நிலை பின்னால் தலைவலி.

அடுத்தது வாங்குவது எப்போது என்று கேட்டால், அறிக்கை கைக்கு வந்து, கூண்டு காய்ந்து, வெறும் கூண்டிலேயே ஒரு வாரம் இரவும் பகலும் சூடு அளந்து எழுதிய பிறகு. வருகிற பிராணிக்கு முதல் 90 நாள் தனி அறை, தனிக் கிண்ணம், தனித் துடைக்கும் துணி. முதல் வாரத்திலேயே எச்சப் பரிசோதனை. விற்பவருக்குப் பணம் கொடுக்கும் முன்பே டாக்டரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். கூடவே, ராத்திரியில் போன் எடுக்கும் டாக்டர் யார் என்பதையும் விசாரித்து வையுங்கள்.